கார்ச் சாவி ரிமோட் வேலை செய்யவில்லையா? புதிது வாங்குமுன் திறந்து பாருங்கள்

(புதிதாக வந்தவர்களுக்கான சனிக்கிழமைக் கூட்டத்தில் நமது தன்னார்வக் கேஸ்வொர்க்கர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோரும் தேநீர் எடுத்துக்கொண்டீர்களா? பின்னால் நிற்பவர்கள் முன்னால் வாங்க, நாற்காலி இருக்கிறது. இன்றைக்கு நான் காட்டப் போவது சின்னப் பொருள், தூரத்திலிருந்து தெரியாது.

இதோ, ஒரு கார்ச் சாவி. இலங்கையிலிருந்து வந்தவர்கள் திறப்பு என்பீர்கள். நாங்கள் பர்மாத் தமிழர்கள், சாவி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். "எங்களிடம் காரே இல்லையே, எங்களுக்கு எதற்கு இது?" என்று சிலர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. காரணத்தைச் சொல்றேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். லண்டனில் பெரியம்மா மகன் வீட்டில் தங்கியிருக்கிறார். சும்மா இருக்கக் கூடாதே என்று வீட்டுத் துணிகளை எல்லாம் எடுத்து மெஷினில் போட்டிருக்கிறார். அண்ணனின் ஜீன்ஸ் பையில் கார்ச் சாவி இருந்தது. ஒரு மணி நேரம் சோப்புத் தண்ணீரில் சுற்றி வெளியே வந்தது. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. ஓரிடத்தில் விசாரித்ததற்கு, புதிய சாவிதான் போட வேண்டும், 200 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றார்களாம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை. நமக்குத் தெரியாதா, அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கும்போது அந்த மௌனம் என்ன பாடு படுத்தும் என்று!

ஆனால் தம்பி என்னிடம் சாவியைப் பற்றிக் கேட்க வரவில்லை. அவர் கேட்டது இதுதான்: "ஒரு மாசம் கடையில கைக்காசுக்கு நிண்டா ஆருக்கு அக்கா தெரியப்போகுது?"

இதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சக் கோரிக்கை முடிவாகும் வரை பொதுவாக உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. 2016 ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் வேலை செய்வது குற்றம். சிறைத் தண்டனை வரை போகலாம், சம்பாதித்த பணத்தையும் பறிமுதல் செய்யலாம். வேலை கொடுத்தவருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து, முதல் முறையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். அதனால் சோதனை என்று யாராவது வந்தால் கடைக்காரர் முதலில் கைவிடுவது உங்களைத்தான். கதையெல்லாம் உண்மையாக இருந்தும், இந்த ஒரு காரியத்தால் வழக்கைத் தாங்களே சிக்கலாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, 200 பவுண்டு சாவிக்காக ஒரு வழக்கையே பணயம் வைக்கத் தயாராக வந்திருந்தார் தம்பி. நான் சொன்னேன்: "தம்பி, வேலையை விடுங்க. அந்தச் சாவி எங்கே?"

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் வாத்தியார் வேலை பார்த்தவள், மெக்கானிக் இல்லை. எங்கள் வீடு யாங்கூனின் வடக்கே மிங்கலாடோனில். யாங்கூன் விமான நிலையம் இருப்பது அங்கேதான். என் அண்ணன் விமான நிலையச் சவாரிக்கு டாக்சி ஓட்டினார். பர்மாவில் 1970 இல் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறினார்கள். ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள், அவற்றின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. 2011 இல் பழைய வண்டிகளைக் கொடுத்துவிட்டு இறக்குமதி அனுமதி வாங்கலாம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, இந்தக் கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. புரோபாக்ஸ், விஷ், ஃபிட் என்று எங்கு பார்த்தாலும் ஜப்பான் வண்டி. அண்ணன் வாங்கிய வண்டிக்கு ஒரே ஒரு சாவிதான் வந்தது. அங்கே அது பெரிய அதிசயமில்லை. இன்னொரு சாவி செய்யச் சொன்னால் விலையைக் கேட்டே மயக்கம் வரும்.

அதோடு மழை. மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை விடாது. டிரைவர்கள் நனைந்த கையோடு சாவியை எடுப்பார்கள், லுங்கி மடிப்பில் சொருகுவார்கள். இரண்டு மழைக்காலம் போனால் ரிமோட்டுக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக்குப் பிறகு வெளிநாட்டுப் பொருள்கள் வருவது இன்னும் சிரமமாகிவிட்டது, பர்மியப் பணத்தின் மதிப்பும் சரிந்தது. பழுது பார்த்தால்தான் உண்டு. கரண்ட் வரும் நேரம் பார்த்து எங்கள் வீட்டு வாசலில் சால்டரிங் கம்பியைச் சூடாக்குவோம். கண் நன்றாகத் தெரிகிறவள் என்று அண்ணன் என்னிடம் தள்ளிவிட்டார். அப்படிக் கற்றதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தச் சாவிக்குள் உண்மையில் மூன்று சாவிகள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முதலாவது, இந்த இரும்பு. கதவின் பூட்டில் போட்டுத் திருப்பினால் திறக்கும். இரும்பே வெளியில் தெரியாத சாவிகளும் உண்டு, அவற்றில் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தானை நகர்த்தினால் உள்ளேயிருந்து உருவி எடுக்கலாம். இரண்டாவது, ரிமோட். பட்டனை அழுத்தினால் ரேடியோ அலையில் காருக்குச் சொல் அனுப்புகிறது, இதற்குத்தான் பேட்டரி வேண்டும். மூன்றாவது, சிப். கார் திருடப்படாமல் இருக்க, இந்தச் சிப்பை அடையாளம் கண்டால்தான் என்ஜின் ஓடும். பிரிட்டனில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இந்த ஏற்பாடு கட்டாயம். சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. ஸ்டார்ட் செய்யும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்தே அதற்கு வேண்டிய சக்தி கிடைத்துவிடும்.

அப்படியென்றால் என்ன? ரிமோட் செத்தாலும் இரும்பால் கதவைத் திறக்கலாம், சிப்பால் என்ஜினை ஓட்டலாம். சில கார்களில் இரும்பால் கதவைத் திறந்ததும் அலாரம் அலறும். பதற வேண்டாம், சாவியைப் போட்டுத் திருப்பினால் நின்றுவிடும். பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் பெரும்பாலும் சாவியை அந்தப் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ஓடும். சரியான இடம் வண்டியின் கையேட்டில் இருக்கும். தம்பியின் அண்ணன் காரும் முதல் நாளிலிருந்தே ஓடத்தான் செய்தது. அவர்கள் யாரும் முயன்றே பார்க்கவில்லை!

இனி, குற்றம் எங்கே என்று கண்டுபிடிப்பது. வீட்டில் இரண்டாவது சாவி இருந்தால் அதை அழுத்திப் பாருங்க. அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் கோளாறு காரில் இருக்கலாம். பக்கத்தில் நின்றால் வேலை செய்கிறது, பத்தடி தள்ளினால் இல்லை என்றால் அநேகமாகப் பேட்டரி. ஒரு பட்டன் மட்டும் மக்கர் செய்தால் அந்தப் பட்டனுக்குக் கீழே உள்ள சுவிட்ச். டிவி ரிமோட்டைப் போல போன் கேமராவில் காட்டிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலை செய்யும் ரிமோட்டுக்கு. கார்ச் சாவி பெரும்பாலும் ரேடியோ, கேமராவில் ஒன்றும் தெரியாது.

திறப்பதற்குக் கத்தி எடுக்காதீங்க, வழுக்கினால் உள்ளங்கையில்தான் ஏறும். ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும், அதில் சில்லறைக் காசையோ பழைய பிளாஸ்டிக் அட்டையையோ வைத்து மெல்லத் திருப்புங்க. சிலவற்றில் குட்டித் திருகாணி இருக்கும். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன், எதையும் தொடுமுன், போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எது எங்கே இருந்தது, பேட்டரியின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது. எனக்கும் இருக்காது.

பேட்டரி மேல் ஓர் எண் இருக்கும். சிஆர்2032 என்று வைத்துக்கொள்வோம். பழைய வாத்தியார் புத்தி, விளக்கிவிடுகிறேன்: 20 என்பது குறுக்களவு, மில்லிமீட்டரில். 32 என்பது கனம், 3.2 மில்லிமீட்டர். 2016 என்றால் அதே அகலம், பாதிக் கனம். உள்ளே போகிறதே என்று 2032 இருந்த இடத்தில் 2016 போட்டால் தளர்ந்து ஆடும். அதே எண்ணையே வாங்குங்க. இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்காமல் விளிம்பைப் பிடித்துப் போடுங்கள். போட்டும் வேலை செய்யவில்லையா? பேட்டரியைத் தாங்கும் தகடுகளைப் பாருங்க. அமுங்கிப் போயிருந்தால் ஊசி முனையால் அரை மில்லிமீட்டர் தூக்கிவிடலாம். கறுத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் மிங்கலாடோன் வீட்டுக்கு வந்த ரிமோட்டுகளில் பாதி இதோடு திரும்பிப் போய்விடும்.

நனைந்த சாவி வேறு கதை. முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. ஓடுகிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்க்காதீங்க. ஈரத்தில் மின்சாரம் ஓடினால் செம்பு வேகமாக அரிக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பது சோறு பொங்கத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை இல்லை, அரிசித் தூள் உள்ளே போவதுதான் மிச்சம். தம்பியின் சாவியில் சோப்பும் காய்ந்து படிந்திருந்தது. போர்டை மட்டும் வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசினோம். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று எழுதியிருப்பது, அதில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது. கை சுத்தம் செய்யும் ஜெல் வேண்டாம், அதில் பிசுக்கு இருக்கும். சென்ட்டும் வேண்டாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பிறகு இரண்டு நாள் காற்றில் காய விட்டோம். ஹீட்டர் மேல் வைத்தால் பிளாஸ்டிக் வளையும்.

மூன்றாம் நாள் புதிய பேட்டரி போட்டோம். பூட்டும் பட்டன் வேலை செய்தது. திறக்கும் பட்டன் இல்லை. பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தச் சுவிட்சின் ஒரு கால் போர்டிலிருந்து மயிரிழை விட்டிருந்தது. நாளுக்குப் பல தடவை அழுத்தும் பட்டன் அது, தண்ணீரில்லாமலே இந்தக் கோளாறு வரும். பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, மெல்லிய முனையுள்ள சால்டரிங் கம்பியால் ஒரே ஒரு நொடி தொட்டு ஈயம் பிடிக்க வைத்தேன். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மேல் நேரடியாகச் சூடு வைக்கவே கூடாது, வெடிக்கும். எல்லாம் சேர்த்து ஆன செலவு பத்துப் பவுண்டுக்குள். ஆல்கஹாலில் முக்கால் புட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இவ்வளவும் செய்து ரிமோட் பேசவில்லையென்றால், காரோடு மறுபடி அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சாவி வேறு வேறு குறியீட்டை அனுப்புகிறது, காரும் அதைக் கணக்கு வைத்துப் பின்தொடர்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குள் வைத்து நூறு தடவை அழுத்தி விளையாடினால் கணக்குத் தப்பிவிடலாம். சரி செய்யும் முறை வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் பாருங்க.

பட்டன் ரப்பர் கிழிந்துவிட்டால் வெளிக்கூடு மட்டும் மலிவாக விற்கிறார்கள். பழைய போர்டை அதில் மாற்றி வைக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும், என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை அண்ணன் சாவிக்குப் புதுக் கூடு வாங்கி, போர்டை மாற்றி, பளபளவென்று கையில் கொடுத்தேன். பழைய கூட்டைக் குப்பையில் போட்டேன். மாலை விமானத்துக்கு ஆள் ஏற்றக் கிளம்பினார். கதவு திறக்கிறது, என்ஜின் ஓடவில்லை. சிப் போர்டில் இல்லை, பழைய கூட்டின் தலைப்பக்கத்தில் தனியாகப் பதித்திருந்தது. மழையில், டார்ச் அடித்து, தெருவோரத் தொட்டியில் மீன் செதிலுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்தோம். அவரை விதை அளவு கறுப்புத் துண்டு. சிலவற்றில் கண்ணாடிக் குழாயாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். புதுக் கூட்டோடு கார் ஓடும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீங்க. அன்றைய சவாரிக் காசு போனது போனதுதான். அண்ணன் ஒரு வாரம் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

ரிமோட்டையே வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பார்வைக்கு ஒன்றாக இருப்பது ஒன்றாக ஆகாது. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளின் ரிமோட் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92. மலிவு என்று இணையத்தில் வேறு நாட்டு ரிமோட்டை வாங்கினால் ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு வாங்குங்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன், பிள்ளை வைத்திருப்பவர்கள் கேளுங்கள். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்தப் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், 20 மில்லிமீட்டர் அளவுள்ளது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும், உயிர் போகலாம். காரை இயக்க முடியாத பழைய பேட்டரிக்கும் இந்தச் சக்தி உண்டு. விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருமல், எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல் மட்டும் தெரியும். சந்தேகம் வந்தால் போதும், அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், அல்லது 999 ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தின்னவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். "பேட்டரி" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள், அது எல்லா மொழியிலும் புரியும். அவசர சிகிச்சைக்குப் பணமோ தாளோ கேட்க மாட்டார்கள், பயந்து தாமதிக்காதீர்கள். கழற்றிய பேட்டரியின் இரு முகத்திலும் டேப் ஒட்டி, பெரிய கடைகளின் வாசலில் உள்ள பேட்டரிப் பெட்டியில் போடுங்கள்.

இன்னும் இரண்டு. தம்பி சாவியைச் சரி செய்து கொடுத்ததும் தெருவில் பேர் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சாவியைக் கொண்டுவந்து கையில் இருபது பவுண்டை வைத்தாராம். தம்பி என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார், நான் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். காசு வாங்கிச் செய்தால் அது சொந்தத் தொழில், உங்களுக்கு அனுமதி இல்லாத வேலைதான். உங்கள் வீட்டாருக்குச் செய்யுங்கள், பிறருக்குச் செய்ய ஆசை என்றால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராகச் செய்யலாம். முடிவு வராமல் 12 மாதம் கடந்து, தாமதம் உங்களால் இல்லையென்றால், வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தாலும் எல்லா வேலைக்கும் இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் பேரில் கார் இருந்தால், அது ஓடாத காராக இருந்தாலும், உதவித்தொகைப் படிவத்தில் சொத்தாகக் காட்ட வேண்டும். உறவினர் காரை ஓட்டப் போகிறீர்கள் என்றால், சாவியைத் திறக்கத் தெரிந்தது ஓட்டும் அனுமதி ஆகாது. உரிமமும் காப்புறுதியும் உங்கள் விஷயத்தில் எப்படி என்று முதலில் கேளுங்கள்.

உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. தங்குமிடம் வேண்டாம், செலவுப் பணம் மட்டும் போதும் என்று அரசிடம் விண்ணப்பிக்க முடியும். 2024 ஜனவரியில் அந்தத் தொகை ஆளுக்கு வாரம் 49.18 பவுண்டாக இருந்தது. தம்பி வந்து ஐந்து மாதம் ஆகியும் விண்ணப்பித்திருக்கவில்லை. சாவியைக் காய வைத்திருந்த அந்த இரண்டு நாளில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம்.

அடுத்த சனிக்கிழமை திருகாணிப் பெட்டியும் ஆல்கஹால் புட்டியும் கொண்டுவருகிறேன். வீட்டாரின் அனுமதியோடு சாவியைக் கொண்டுவாங்க, முடிந்தால் காரின் சொந்தக்காரரையும் கூட்டி வாங்க. நனைந்த சாவியாக இருந்தால் பேட்டரியை இன்றிரவே கழற்றிவிடுங்கள். கேள்வி இருக்கிறவர்கள் கேளுங்க.